பன்னிரண்டு வாளியும் ஒரு தராசும்: தெருவாகச் சேர்ந்து சோறு வீணாவதைக் குறைப்பது எப்படி

31 வருஷம் சத்துணவுக் கூடத்தில் அரிசி அளந்தவள் நான். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம், அதற்கு மேல் 150 கிராம். காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களைக் கழித்த பிறகுதான் மூட்டையில் கை வைப்பேன். 80 பேருக்கு வடித்தால், கடைசிப் பிள்ளை தட்டை நீட்டும்போது அண்டாவில் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் பாக்கி இருக்கும்.

2019இல் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தேன். வீட்டில் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கு அளந்து வடிக்க எனக்குத் தெரியவில்லை. தினமும் ராத்திரி ஒரு கிண்ணம் சோறு வாளிக்குப் போனது. ஏன் என்று உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. பள்ளியில் படி இருந்தது, பதிவேடு இருந்தது. வீட்டில் வெறும் கை. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி, "பத்துமா?" என்று பார்த்து, இன்னொரு பிடி போட்டுவிடுகிற கை.

எங்கள் வீடு திருச்சி காட்டூர்ப் பக்கம். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பாப்பாக்குறிச்சி இங்கேதான் இருக்கிறது. மறுபக்கம் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. ஊர்க்குப்பையெல்லாம் பல வருஷம் வந்து விழுந்த இடம், 47 ஏக்கர். கிடங்கு பற்றி எரிந்த நாட்களில் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் நாறும். அதனால் கொட்டுகிற சோறு எங்கே போகிறது என்று எங்கள் தெருக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூக்குக்கே தெரியும். தெரிந்தும்தான் கொட்டினோம். எவ்வளவு கொட்டுகிறோம் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த அளவைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும். உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ குழுக் கூட்டத்திலோ இதைச் செய்ய நினைத்தால், நான் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். செய்த தப்பையும் சேர்த்து.

முதல் வாளி உங்களுடையது

அடுத்த வீட்டுக்கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்று போதும். சாப்பிட முடிந்து, சாப்பிடாமல் போனது எல்லாம் அதற்குள். நான் எழுதினேன். ஏழு நாளில் ஒன்றரைக் கிலோ சோறு, ஒரு டம்ளர் புளித்த மாவு, அழுகின தக்காளி மூன்று, கொத்தமல்லி ஒரு கட்டு, எந்த நாளில் வைத்தது என்றே தெரியாத ஒரு டப்பாக் கூட்டு. அந்தத் தாளை முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் படித்துக் காட்டினேன். "சத்துணவு டீச்சர் வீட்லயே இவ்வளவா?" என்று ஒரு பெண் சிரித்தது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நீங்கள் சுத்தமாக நின்றுகொண்டு அடுத்தவருக்குப் புத்தி சொன்னால், அவர் தன் வாளியை மூடிக்கொள்வார்.

எப்போது, யாரை

மத்தியானம் மூன்று மணிக்கு மேல். சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, பிள்ளைகள் இன்னும் வரவில்லை, பூக்கட்டுகிற நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மண்டபம், மைக், பேனர் எதுவும் வேண்டாம். திண்ணை போதும். மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் கடன் வசூல் கூட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிஷம் கேளுங்கள். அவர்களிடம் நோட்டு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும்.

பத்திலிருந்து பன்னிரண்டு வீடு. அதற்கு மேல் போனால் நிறுத்து எழுத முடியாது.

கூப்பிடும்போது ஒரு விஷயம். வீட்டில் சோறு மிஞ்சுவதற்குக் காரணம் சமைக்கிறவர் மட்டும் இல்லை. காய் வாங்கி வருகிறவர் ஒருத்தர், எவ்வளவு வடிக்கணும் என்று சொல்கிறவர் ஒருத்தர், பரிமாறுகிறவர் ஒருத்தர் என்று மூன்று பேர் இருக்கலாம். மருமகளை மட்டும் கூப்பிட்டால், கூட்டத்தில் கற்றுக்கொண்டதை வீட்டில் போய்ச் செய்ய அவளுக்கு அதிகாரம் இருக்காது. "எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க" என்பதை முதல் மாதத்தில் நான் கேட்ட தடவைக்கு அளவே இல்லை. அதனால் இப்போது மாமியாரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். பழைய சோறு, வத்தல், வடகம் எல்லாம் அவர்கள் பாடம். அவர்களைப் பாடம் எடுக்கச் சொன்னால் தானாக வருவார்கள்.

முதல் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையைப் போனில் வைத்துப் படித்தாள். 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து என்று. நல்ல பிள்ளை, தெளிவாகத்தான் படித்தாள். கேட்டவர்கள் பூத்தொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 105 கோடி டன்னை யார் பார்த்தது? அதே அறிக்கையில் இந்திய வீடுகளுக்கு ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. தோல், எலும்பு எல்லாம் சேர்த்த கணக்கு. அதை 365ஆல் வகுக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம். "ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் அளந்து போட்ட அரிசி எடை அது" என்றேன். அப்போதுதான் பூ நின்றது. எண் சொல்ல வேண்டியிருந்தால் கையில் பிடிக்கிற அளவுக்கு உடைத்துச் சொல்லுங்கள்.

ஒரு வாரக் கணக்கு

இந்த இடத்தில் நான் பெரிய தப்புச் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை நோட்டில் பெயர் எழுதினேன். வீட்டுக்கு வீடு சாயந்திரம் தராசைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் வைத்தே நிறுத்து, சத்தமாகச் சொல்லி எழுதினேன். மூன்றாம் நாள் எல்லார் வாளியும் காலி. ஆகா, என்ன மாற்றம் என்று பூரித்துப் போனேன். நாலாம் நாள் விடியற்காலை கோலம் போட வந்தபோது சாக்கடை ஓரத்தில் சோறு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் புதிதாக ஆரம்பித்தேன்.

இப்போது செய்வது இப்படி. பன்னிரண்டு வாளி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெயிண்டில் நம்பர். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். யாருக்கு எந்த நம்பர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. (தெருவில் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது வேறு கதை. ஆனால் எழுதாமல் தெரிவது வேறு, எழுதித் தெரிவது வேறு.) அவரவர் வீட்டிலேயே நிறுத்து, அவரவரே ஒரு துண்டுத் தாளில் எழுதி, வாரக் கடைசியில் ஒரே டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு கொக்கித் தராசு தெருவில் சுற்றி வரும். தராசு இல்லாத அன்று கரண்டிக் கணக்கில் எழுதலாம், "சோறு 4 கரண்டி" என்று. பிறகு ஒரு கரண்டியை நிறுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

எதை எழுதக் கூடாது: வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, மீன் முள், டீத்தூள் சண்டு. இது எந்த வீட்டிலும் வரும். இதைச் சேர்த்தால் கணக்கு பெரிதாகி மனசு விட்டுப்போகும்.

எதைக் கட்டாயம் எழுத வேண்டும்: மாட்டுக்கும் நாய்க்கும் போட்டது. "நாங்க எதையும் வீணாக்குறதில்ல டீச்சர், மாட்டுக்குத்தான் வைக்கிறோம்" என்பது தெருவுக்குத் தெரு கேட்கிற பதில். கழுநீர் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் மாட்டுக்குச் சோறு தீனி இல்லை. அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, உப்பசம் வந்து, மாடு படுத்துவிடும். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் போய்ப் பாருங்கள். பாலித்தீன் பையில் கட்டி வீசினால் சோற்றோடு பையும் உள்ளே போகும். மனிதருக்கு வடித்த சோறு மனிதர் வாய்க்குப் போகாவிட்டால் அது மிச்சம்தான், எழுதுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

எடையைவிட முக்கியமானது பக்கத்தில் எழுதுகிற காரணம். ஒரு வார்த்தை போதும். அதிகம் வடிச்சது. மறந்தது. ஊசிப்போச்சு. பிள்ளை வச்சது. பிடிக்கல. விருந்தாளி வரல. பல நாள் இந்தத் துண்டுத் தாள்களைப் படிக்கும்போது கண் கலங்கும், சிரிப்பும் வரும். ஒரு தாளில், "சண்டை. யாரும் சாப்பிடல" என்று இருந்தது. 900 கிராம்.

வாரம் முடிந்ததும் எடையை விட்டுவிட்டுக் காரணங்களை எண்ணுங்கள். எங்கள் தெருவில் முதலிடம் "அதிகம் வடிச்சது". அடுத்து "மறந்தது". பிறகு மாவு. நான் கொத்தமல்லியைப் பற்றிப் பாடம் நடத்தத் தயாராகப் போயிருந்தேன். கொத்தமல்லி எடையில் ஒன்றுமே இல்லை. உங்கள் தெருவில் வேறு வரலாம். வந்ததில் முதல் காரணம் எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நிற்காது.

அரிசியைக் கொட்டிக் காட்டுங்கள்

அந்த வாரம் பன்னிரண்டு வீட்டுச் சோறு மட்டும் 14 கிலோ. வடித்த சோறு அரிசியைப் போல இரண்டரை மடங்கு எடை வரும். அப்படியானால் ஐந்தரைக் கிலோ அரிசிக்கு மேல். இதை வாயால் சொல்லவில்லை. என் வீட்டு டப்பாவிலிருந்து ஐந்தரைக் கிலோ அரிசியை நிறுத்துக்கொண்டு போய், திண்ணையில் நாளிதழை விரித்து, நடுவில் கொட்டினேன். குட்டி மலை மாதிரிக் குவிந்தது. ஓரத்தில் சரிந்த அரிசியை ஒரு பாட்டி கையால் ஒதுக்கி ஒதுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சிதறக் கூடாது என்று. அது கொட்டிப்போன அரிசியின் கணக்கு என்று தெரிந்தும்.

ஏழாம் நம்பர் அக்கா மனக்கணக்கில் கெட்டி. "மாசம் நாலு வாரம்னா இருபத்திரண்டு கிலோ. ரேஷன்ல எங்க கார்டுக்கு இருபது கிலோதானே குடுக்கறாங்க?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அளவு. வீட்டுக்கு ஒரு ஆழாக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். ஆழாக்கு இல்லாதவர்கள் ஒரு டம்ளர். எந்தப் பாத்திரமானாலும் சரி, இனிமேல் அதே பாத்திரம். என் வீட்டு ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் 140 கிராம் வருகிறது. மூன்று பேர், ஒரு வேளைக்கு இரண்டு ஆழாக்கு. அதுவே எங்களுக்குத் தாராளம். குழம்பு, பொரியல், மோர் என்று சாப்பிடுகிறவர்களுக்கும், உடம்பு வணங்கி வேலை செய்கிறவர்களுக்கும் அளவு வேறு. என் அளவை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு வாரம் தினமும் எத்தனை ஆழாக்கு போட்டேன், எவ்வளவு மிஞ்சியது என்று எழுதினால் உங்கள் அளவு தானாக வந்து நிற்கும். வந்ததும் அதை அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்: "நாலு பேர் இருந்தா 3. இரண்டு பேர் இருந்தா 1½." வெளியே ஒட்டினால் ஒரு வாரத்தில் கண் பழகிப்போகும்.

காலையில் அரிசி களைவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் வர வேண்டும்: "மத்தியானம் யார் யார் வீட்ல?" என் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு இதுதான். பையன் நண்பனோடு வெளியே சாப்பிட்டு வருவான், மகள் அலுவலகத்தில் ஏதோ விருந்து என்பாள், சோறு மட்டும் நாலு பேருக்கு வடிந்து கிடக்கும். ஒன்பதாம் நம்பர் வீட்டில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எட்டு மணிக்குள் கை தூக்காதவருக்குச் சோறு இல்லை என்று அம்மா அறிவித்துவிட்டார்கள். இரண்டு நாள் பையன் பட்டினி. மூன்றாம் நாளிலிருந்து ஏழரைக்கே கை தூக்குகிறான்.

யாராவது வந்துட்டா?

எந்தத் தெருவில் போய்ப் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள், ஏனென்றால் கூடுதலாகப் போடுகிற அந்த ஒரு பிடி அரிசி இந்தப் பயத்தில்தான் விழுகிறது. சோறு போதாமல் போனால் வீட்டுக்காரிக்குத் தலைகுனிவு. மிஞ்சினால் யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, யார்தான் குறைத்து வடிப்பார்கள்? அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். பெரும்பாலும் அலட்சியம் இல்லை, பயம்.

அதனால் பயத்துக்கு மருந்து கையில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பேசி வைத்தது: ஒவ்வொரு வீட்டிலும் வறுத்த ரவை அரைக் கிலோ, சேமியா ஒரு பாக்கெட், அவல் ஒரு டப்பா, எப்போதும். திடீரென்று ஆள் வந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு வேளை தயார். "வந்தவங்களுக்கு உப்புமாவா?" என்று கொதித்துப் போனார்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் இருபது நிமிஷம் உப்புமாவுக்கே போனது. கடைசியில் அவல் உப்புமாவை உப்புமா என்று சொல்லக் கூடாது, டிபன் என்று சொல்ல வேண்டும் என்று தீர்மானம். பிறகு வந்த மாதங்களில் எத்தனை பேர் சொல்லாமல் விருந்துக்கு வந்தார்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டு தடவை. இரண்டுமே மூன்றாம் நம்பர் வீட்டுச் சம்பந்தி.

மிஞ்சினதை எப்படி வைப்பது

இங்கே விளையாடக் கூடாது. வீணாக்காதே என்று சொல்லி, கெட்டதைச் சாப்பிட வைத்துவிட்டால் ஒரு வயிற்றுப்போக்கில் உங்கள் மொத்த முயற்சியும் போய்விடும். அதனால் நான் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்கிறவை சில.

சோற்றில் ஒரு கிருமி உண்டு, பேசில்லஸ் செரியஸ் என்று பெயர். அதன் வித்து வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மத்தியானம் வடித்ததைக் குக்கரிலேயே மூடி வைத்து, ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜில் தூக்கி வைப்பதுதான் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அது தப்பு. சாப்பிட்டு எழுந்ததும் மிஞ்சியதைத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் ஒரே தடவை நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட வேண்டும். எலுமிச்சம்பழச் சாதமோ புளிச்சாதமோ கிளறிவிட்டால் யாருக்கும் பழையது என்ற நினைப்பே வராது.

ஃப்ரிட்ஜ் இல்லையா, இருக்கிறது பழைய சோறு. ராத்திரிச் சோறு ஆறினதும், சோறு மூழ்கி மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மண்சட்டியில் மூடி வைத்தால் காலையில் இதமாகப் புளித்திருக்கும். புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு அங்கே இடம் குறையும். ஆனால் மத்தியானம் முழுக்க வெளியே கிடந்து வாடை வந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பது மணிக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். இந்தப் பாடத்தைப் பாட்டிமாரிடம் விட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி சட்டியோடு வந்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் நீராகாரம் கொடுத்துப் பாடம் எடுத்தார்கள். நான் ஒரு மணி நேரம் பேசினால் வராத கூட்டம் அன்றைக்கு வந்தது.

தேங்காய் சேர்த்தது எதுவோ அதுதான் முதலில் ஊசும். தேங்காய்ச் சட்னியை முழுக்கத் தாளித்து மேஜையில் வைக்காமல், வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் எடுங்கள். கூட்டு மிஞ்சும் என்று தோன்றினால் தேங்காய் அரைத்து ஊற்றுவதற்கு முன்னாலேயே பாதியை எடுத்துத் தனியே வைத்துவிடலாம். சாம்பாரைக் கொதிக்கவிட்டு, ஆறியதும் உள்ளே. கை பட்டது, எச்சில் கரண்டி பட்டது, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டியது.

மாவுக்கு ஒரே வழி: அரைத்ததும் இரண்டாகப் பிரித்து, நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே புளிக்கவிட்டு, மீதியைப் புளிக்காமலே ஃப்ரிட்ஜில் வைப்பது. முழு வாரத்துக்கும் அரைத்து முழுவதையும் வெளியே பொங்கவிட்டால் நாலாம் நாள் தோசை நாக்கைச் சுருட்டும்.

"மறந்தது" என்று எழுதினவர்களுக்கு: ஃப்ரிட்ஜில் கண் மட்டத்துக்கு நேரே இருக்கிற தட்டு மிஞ்சினதுக்கு மட்டும். ஊறுகாயும் ஜாமும் கீழே போகட்டும், அவை காத்திருக்கும். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் உள்ளே இருப்பது தெரியாது, அதனால்தான் மறக்கிறோம். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவர்கள் வியாழக்கிழமை ராத்திரியைத் "துடைச்சு எடுக்கிற நாள்" என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் புதுக்குழம்பு கிடையாது.

பாக்கெட்டில் போட்டிருக்கிற தேதியைப் பார்த்து நல்ல சாமானைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. "யூஸ் பை", "எக்ஸ்பைரி" என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு தொடாதீர்கள். "பெஸ்ட் பிஃபோர்" என்று மட்டும் இருந்தால், அதுவரை மணமும் ருசியும் முழுசாக இருக்கும் என்று அர்த்தம். அதைத் தாண்டின ரவையைச் சலித்து, வண்டு இருக்கிறதா, சிக்கு வாடை அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஆண்களுக்கு ஒரு கூட்டம்

காய் வாங்குகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை காந்தி மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கீரை ஒரு கட்டு பதினைந்து, மூன்று கட்டு முப்பது என்றால் மூன்றும் வரும். லாபம் பதினைந்து ரூபாய் என்று சந்தோஷமாக வீட்டுக்குள் நுழைவார். ஒரு கட்டு வேகும், ஒரு கட்டு மஞ்சளாகும், ஒரு கட்டு ஒழுகும். இவர்களைத் திண்ணைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில்தான் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவரிடம் நான் கொடுத்தது ஒரே ஒரு தாள்: சென்ற மாதம் எங்கள் வீட்டில் அழுகின காயின் பட்டியல், பக்கத்தில் விலை. அவர் வாங்கினது எல்லாம் அவர் வாயாலேயே படிக்கும்படி ஆகிவிட்டது. பாவம்தான்.

வாங்கி வந்ததைப் பையோடு ஃப்ரிட்ஜில் திணிக்காமல் பத்து நிமிஷம் செலவு பண்ணினால் போதும். பச்சை மிளகாய்க்குக் காம்பு கிள்ளி, கறிவேப்பிலையை உருவி ஈரம் போக உலர்த்தி, கொத்தமல்லியைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடக் கூடாது, இரண்டும் சீக்கிரம் கெடும். சமைக்கிற வரிசையும் உண்டு: கீரை, வெண்டை, கத்தரி முதல் இரண்டு நாள். பூசணி, சேனை, கருணை, வாழைக்காய் கடைசியில். பீர்க்கங்காய்த் தோல் துவையல், முள்ளங்கிக் கீரைப் பொரியல் எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்லி ஆகப்போவதில்லை.

பிள்ளைகள் தட்டில் வைப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த ஒரே வழி, முதலில் பாதி. கேட்டால் மீதி. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க விடாமல் நாமே குவித்துவிட்டு, வைத்துவிட்டான் என்று அடிப்பதில் நியாயம் இல்லை.

கல்யாணம், காதுகுத்து விஷயம் தனிக் கட்டுரைக்குரியது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மிஞ்சியதை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுப்பது நல்ல காரியம். கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" அமைப்பு இப்படி விசேஷ வீடுகளில் மிஞ்சுவதை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் நம் வீட்டுக் கரண்டிச் சோற்றை அப்படி யாருக்கும் கொடுக்க முடியாது. நேற்றைய குழம்பை வேலைக்கு வருகிற அக்காவிடம் நீட்டுவதைக் கொடை என்று கணக்கில் எழுதாதீர்கள். எங்கள் தெருவில் அதையும் மிச்சம் என்றுதான் எழுதச் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை.

உரத்தொட்டியும் அப்படித்தான். தோலும் சண்டும் தொட்டிக்குப் போகட்டும். திருச்சி மாநகராட்சியில் மக்கும் குப்பையைத் தனியே வாங்கி நுண் உர மையங்களில் உரமாக்குகிறார்கள், அதற்கும் போகட்டும். ஆனால் "எப்படியும் உரமாயிடும்ல" என்கிற தெம்பில் சோறு கூடுதலாக வடிவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு எங்கள் தெருவுக்கு வண்டி ஓட்டி வருகிற தூய்மைப் பணியாளர் அக்காவைக் கூப்பிட்டு டீ கொடுத்து உட்கார வைத்தேன். அவர் நீளமாகப் பேசவில்லை. "சோத்தப் பாலித்தீன்ல முடிச்சுப் போட்டுக் குடுக்காதீங்கம்மா. முடிச்ச நாங்க கையாலதான் அவுக்கறோம்" என்றார். அதற்கப்புறம் எங்கள் தெருவில் முடிச்சு வரவில்லை.

மறுபடி நிறுக்கிற வாரம்

நாலு வாரம் கழித்து அதே வாளி, அதே தராசு, அதே ஏழு நாள். நடுவில் நிறுக்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். பரிசும் வேண்டாம். ஒரு தடவை குறைந்த எடைக்கு ஒரு குக்கர் என்று சொல்லிப் பார்த்தேன். பழைய சாக்கடைக் கதைதான் திரும்ப வந்தது.

எங்களுக்கு 14 கிலோ சோறு 6 கிலோவானது. தீபாவளி வாரம் 11க்கு ஏறியது, அதோடு பலகாரம் வேறு. ஏறினால் பதற வேண்டாம், காரணத்தை எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு எங்கள் தெருவில் முறுக்கும் அதிரசமும் மூன்று வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் சுடுவது என்று பேச்சு நடக்கிறது. யார் வீட்டு அடுப்பு என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.

வேலை அடுத்த தெருவுக்குப் போகிற கட்டம் வந்தால், அங்கே பேச யாரை அனுப்புவது? குறைந்த எடைக்காரரை அனுப்பத்தான் தோன்றும். அனுப்பாதீர்கள். முதல் வாரத்தில் யார் வாளி கனமாக இருந்ததோ அவரைத் தேடுங்கள். எங்கள் தெருவில் அது ஐந்தாம் நம்பர். முதல் வாரம் இரண்டே முக்கால் கிலோ. தானே முன்வந்து, "அந்த அஞ்சு நாந்தான் டீச்சர்" என்று சொன்னார். இப்போது பக்கத்துத் தெருவில் செவ்வாய்க்கிழமை தோறும் அவர்தான் உட்காருகிறார், தன் பழைய துண்டுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு. தராசும் அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் கேட்டதற்கு, அங்கே இன்னும் நாலு வீடு பாக்கி, அடுத்த மாதம் தருகிறேன் என்கிறார்.